உளவளத்துணையும் சமூகத்தின் காயமும்

1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் மனவடு நோயைத் தனது நோய்ப்பட்டியலிற் சேர்த்தது. போரையும் 2004இன் ஆழிப்பேரலையையும் அடுத்து இலங்கையின் தமிழ்ப் பிரதேசங்களிற் பரவிய உளவளத்துணைக்கு இக்கருத்து முக்கிய அடித்தளமாயிற்று. துன்பம் தனிமனித உள்ளத்தின் கோளாறு என்பதே அதன் எடுகோள்.

இது போதுமானதா? திருகோணமலை மாவட்டத்தின் வயற்கிராமமான தம்பலகாமத்தில், 1998 பெப்ரவரி 1ஆந் திகதி, பொலிசாரும் ஊர்காவற்படையினரும் 8 தமிழரைக் கொன்றனர். இத்தகைய நிகழ்வு தனிமனங்களை மட்டுமன்றி, அயலுறவையும் சட்டத்தின் மீதான நம்பிக்கையையும் அச்சமின்றி வயலுக்குச் செல்லும் வாழ்வையும் குலைக்கின்றது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம், வடபகுதி பற்றிய தமது 2007ஆம் ஆண்டு ஆய்வில், இதனைக் 'கூட்டு மனவடு' என்னுங் கருத்தால் விளக்கினார். குடும்பமும் சமூகமும் சிகிச்சைக்குரியன என்றார்.

ஆயினும் சமூகம் ஒருமித்த பொருளன்று. வர்க்கமும் சாதியும் பாலும் அதனைப் பிரிக்கின்றன. கோயிற் சடங்கில் ஊர் ஆறுதல் காணலாம். அதே ஊர் கணவனை இழந்த பெண்ணை மங்கல நிகழ்வுகளில் ஒதுக்கலாம். அவளுக்கு இரகசியங் காக்கும் தனி உரையாடல் இன்றியமையாதது.

எனவே தனிமனிதரா சமூகமா என்பது போலியான முரண்பாடு. உளவளத்துணை இரண்டையும் நோக்குதல் வேண்டும். நீதிக்கான கோரிக்கையை நோய்க்குறியாக அது மாற்றுமாயின், காயமுற்றோருக்கன்றிக் காயப்படுத்தியோருக்கே துணையாகும்.