பழுது பார்க்கும் முன் பிரதி எடுங்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஆறு கரைபுரண்டு திருநெல்வேலியின் வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், சிந்துபூந்துறைக்குள் புகுந்தது. இப்படியொரு வெள்ளத்தில் கம்ப்யூட்டருக்கு இரண்டு வகையில் சேதம் வரும். தண்ணீரில் முங்கிய ஹார்டு டிஸ்க் ஒரு வகை. சொட்டுகூட நனையாமல், எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போனதால் ஃபைல் சிஸ்டம் குலைந்த டிஸ்க் இன்னொரு வகை.

முங்கிய டிஸ்க்குக்கு மின்சாரமே கொடுக்காதீர்கள். பெரும்பாலான ஹார்டு டிஸ்க்குகளில் காற்று போய்வர ஒரு சிறு துளை உண்டு. சேற்றுநீர் அதன் வழியே தட்டு வரை போயிருக்கலாம். சுழலும் தட்டுக்கும் படிக்கும் முனைக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். மண் துகள் ஒன்று போதும், தட்டையே கீறிவிடும். மூடியைத் திறப்பதும் கூடாது. அது தரவு மீட்பு ஆய்வகத்தின் வேலை. நனையாத டிஸ்க்கை நாமே பார்க்கலாம். கீழே உள்ளவை லினக்ஸ், எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்துக்கான படிகள்.

1. கெர்னல் சொல்வதைப் படியுங்கள். கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று வந்தால், கெர்னல் கோளாறைக் கண்டு எழுதுவதை நிறுத்திவிட்டது என்று பொருள். வற்புறுத்தி மறுபடி எழுத விடாதீர்கள். 'டிமெசேஜ்' (dmesg) கட்டளை கொடுத்தால் காரணம் தெரியும். 'மீடியம் எரர்' என்றோ 'யுஎன்சி' என்றோ செக்டர் எண்ணோடு வந்தால் தட்டில் கோளாறு. 'ஐசிஆர்சி' என்று வந்தால் முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். இவை எதுவும் இல்லாமல் 'எக்ஸ்ட்4-எஃப்எஸ் எரர்' மட்டும் வந்தால் பெரும்பாலும் கட்டமைப்புதான் குலைந்திருக்கும். சில நேரம் ரேம் பழுதாகவும் இருக்கலாம்.

2. டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். 'ஸ்மார்ட்சிடிஎல்' காட்டும் பட்டியலில் 5, 197, 198, 199 ஆகிய வரிகள் முக்கியம். 197-இல் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்குக்கு ஆயுள் குறைவு. 199 ஏறினால் குறை கேபிளில். மேலே 'பாஸ்டு' என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கும் அப்படிக் காட்டும்.

3. பிரதி எடுங்கள். பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி பூட் செய்யுங்கள். பழைய டிஸ்க்கை மவுன்ட் செய்யாதீர்கள். ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்தாலும் எக்ஸ்ட்4 தன் ஜர்னலை, அதாவது மாற்றங்களின் குறிப்பேட்டை, ஓட்டி டிஸ்க்கில் எழுதக்கூடும். 'டிடிரெஸ்க்யூ' கொண்டு, அதே அளவோ பெரிதோ ஆன வேறொரு டிஸ்க்குக்கு முழுப் பிரதி எடுங்கள். முதல் சுற்றில் நல்ல பகுதிகளை மட்டும் அள்ளுங்கள். அடுத்த சுற்றில் கெட்ட செக்டர்களை முயலுங்கள். மேப் ஃபைல் கட்டாயம் கொடுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூலம் எது, பிரதி எது என்பதை டிஸ்க்கின் சீரியல் எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். மாற்றிக் கொடுத்தால் இருப்பதும் போய்விடும்.

4. ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் 'இ2எஃப்எஸ்சிகே'யைப் பிரதியின் மேல் மட்டும் ஓட்டுங்கள். கடைக்காரர் பேரேட்டில் ஏற்றும் முன் நாளேட்டில் குறிப்பதுபோல, எக்ஸ்ட்4 மாற்றங்களை ஜர்னலில் குறித்துவிட்டே செய்கிறது. வழக்கமான அமைப்பில் அங்கே பதிவாவது ஃபைலின் விவரம்தான், உள்ளடக்கம் அல்ல. ஜர்னலை நம்பி மட்டும் உள்ளடக்கத்தை மீட்க முடியாது. அதனால் முதலில் '-என்' கொடுத்து, எதையும் மாற்றாமல் என்னென்ன கோளாறு என்று பாருங்கள். ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரம் இருக்கும் சூப்பர்பிளாக் கெட்டிருந்தால் மாற்றுப்பிரதியைக் காட்டுங்கள். 4 கேபி பிளாக் உள்ள டிஸ்க்கில் அது வழக்கமாக 32768-இல் இருக்கும். பிறகு '-எஃப் -ஒய்' கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

5. கிடைத்ததைச் சோதியுங்கள். பெயர் இழந்த ஃபைல்கள் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' அடைவில் வெறும் எண்களாகக் கிடக்கும். 'ஃபைல்' கட்டளை அவற்றின் வகையைச் சொல்லும். முக்கியமானவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

'இ2எஃப்எஸ்சிகே' காப்பது ஃபைல் சிஸ்டத்தின் ஒழுங்கைத்தான். ஒழுங்குக்குள் அடங்காத உங்கள் தரவை அது தயங்காமல் வெட்டி எறியும். அதனால்தான் பிரதி முதலில், பழுது பார்ப்பது பிறகு. கடை ஆற்றோரம் இருந்தால் யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். பேக்கப் டிஸ்க்கை மேட்டுப்பகுதியில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள்.