தாய்மையா, தொழிலா? இது யாரிடம் கேட்கப்படும் கேள்வி?

பெண்ணியம் என்ற சொல் இன்று எமது கிராமங்களிலும் அடிபடுகிறது. சிலருக்கு இச்சொல் அச்சத்தைத் தருகிறது. "பெற்றவள் வீட்டிலிருந்து பிள்ளையை வளர்க்க வேண்டும்" என்கிறார் ஒருவர். "படித்த பிள்ளை ஏன் உத்தியோகத்தை விடவேண்டும்?" என்கிறார் மற்றவர். இருவரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. இந்தக் கேள்வியைத் தகப்பனிடம் எவரும் கேட்பதில்லை. தாய்மையா, தொழிலா என்ற கேள்வி எங்கே தோன்றியது, அது எமது குடும்பங்களுக்கு எந்த அளவில் பொருந்தும் என்பதை இங்கு ஆராய்வோம்.

கேள்வி பிறந்த இடம்

அமெரிக்கப் பொருளியலாளர் கிளாடியா கோல்டின் என்ற பெண்மணிக்கு 2023 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் தமது நாட்டில் இருநூறு ஆண்டுகளாகப் பெண்கள் செய்த வேலைகளை ஆராய்ந்தவர். கமத்தொழில் முதன்மையாக இருந்த காலத்தில் திருமணமான பெண்கள் பெருந்தொகையாக உழைத்தனர் என்பதையும், தொழிற்சாலைகள் வந்தபின் அத்தொகை குறைந்தது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். வீடும் வேலையும் ஒரே வளவில் இருந்தபோது பிள்ளையைப் பார்த்தபடி உழைக்க முடிந்தது. வேலை வீட்டைவிட்டுத் தூரப்போனதும் தாயின் கால்கள் இரண்டு இடங்களில் நிற்க வேண்டியதாயிற்று.

அவர் கண்ட இன்னொரு உண்மையும் எமக்கு முக்கியமானது. அந்நாட்டின் பழைய குடிசன மதிப்பீட்டு ஏடுகளில் பெண்ணின் தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் 'மனைவி' என்றே எழுதப்பட்டிருந்தது. வயலிலும் குடும்பத் தொழிலிலும் அவள் செய்த வேலை கணக்கில் ஏறவில்லை. அவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, 1890களின் இறுதியில் வேலை செய்த மணமான பெண்களின் வீதம் ஏட்டில் இருந்ததைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது.

பெண்ணியவாதிகள் கூறியது என்ன?

பெண்ணியம் தாய்மையை வெறுக்கிறது என்பது பரவலான எண்ணம். உண்மையில் இவ்விடயத்தில் பெண்ணியவாதிகள் எல்லோரும் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். பிரான்சில் சிமோன் த போவுவார் 1949 இல், பெண்ணின் விதி தாய்மையே எனச் சமூகம் திணிப்பதை எதிர்த்தார். சுவீடனைச் சேர்ந்த அல்வா மிர்டாலும் அவருடன் இணைந்து எழுதிய வியோலா கிளைனும் 1956 இல், வீடு, தொழில் என்ற இரண்டு பொறுப்புகளையும் பெண் ஏற்கும் வகையில் சமூகம் தன்னைத் திருத்த வேண்டும் என்றனர். 1963 இல் அமெரிக்காவில் பெற்றி ஃபிரீடன், படித்தும் வீட்டுக்குள் முடங்கிய நடுத்தர வகுப்புப் பெண்களின் மனக்குறையை எழுதினார்.

ஆனால் ஏழைப் பெண் வீட்டுக்குள் முடங்கியிருந்தது எப்போது? கறுப்பின அமெரிக்கப் பெண்ணியவாதியான பெல் ஹூக்ஸ் 1984 இல் இதைச் சுட்டிக்காட்டினார். கறுப்பினப் பெண்கள் அடிமைக் காலம் முதல் உழைத்தே வந்தவர்கள். அவர்களுடைய விடுதலைக்குத் தாய்மை பெரும் தடையாகத் தோன்றவில்லை. தம் குடும்பத்தோடு இருப்பதற்குக் கூடுதலான நேரமே அவர்கள் வேண்டியது என்றார். எமது கமக்காரத் தாய்மாருக்கு இக்கூற்று நன்றாக விளங்கும்.

எமது நிலை

எமது ஊர்களில் நாற்று நட்டவள், களை பிடுங்கியவள், அருவி வெட்டியவள், வெங்காயம் பின்னியவள் யார்? வரம்போர மரநிழலில் ஏணை கட்டிப் பிள்ளையைக் கிடத்திவிட்டு வேலை செய்தவள் தாயே. அம்மம்மாவும் பெரியம்மாவும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். அந்நாளில் வேலை இலேசாக இருக்கவில்லை. ஆயினும் பிள்ளைக்கு ஓர் ஆள் இருந்தது.

இடப்பெயர்வு நிலத்தை மட்டும் பறிக்கவில்லை. இந்த ஒழுங்கையும் குலைத்தது. உறவினர் நாலு திசைக்கும் சிதறினர். வேலை பிறருடைய காணியிலும், தூரத்து ஆடைத் தொழிற்சாலையிலும், கடல்கடந்த நாட்டு வீடுகளிலும் இருக்கிறது. பிள்ளையைக் கூலி வேலைக்குக் கொண்டுபோக முடியாது. இந்த வகையில், தொழிற்சாலை வந்தபோது மேல்நாட்டுத் தாய்க்கு நேர்ந்ததே இடம்பெயர்ந்த தாய்க்கும் நேர்ந்துள்ளது.

இவ்வாறான வேளையில் பல குடும்பங்கள் யோசியாமலே ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றன. மூத்த பெண்பிள்ளை பாடசாலையை விட்டுத் தம்பி தங்கையைப் பார்க்கிறாள். தாய்மைக்கும் தொழிலுக்கும் இடையிலான இடைவெளியைப் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி தன் படிப்பால் நிரப்புகிறாள். நாளை அவளுக்கும் நல்ல தொழில் கிடையாமற் போகும்.

சட்டம் தருவதும் தராததும்

இலங்கையில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் 1939 ஆம் ஆண்டு முதல் உண்டு. முன்னர் தனியார் துறையில் மூன்றாம் பிள்ளை முதல் 42 நாள் விடுமுறையே கிடைத்தது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தம் எல்லாப் பிள்ளைகளுக்கும் 84 நாள் என ஆக்கியது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளைகளும் உண்டு. தொழிற்சாலைக்குச் செல்லும் எமது பெண்கள் இவற்றை அறிந்திருக்க வேண்டும்.

ஆயினும் 84 நாள் என்பது மூன்று மாதமும் ஆகாது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாட்கூலிக்குச் செல்லும் பெண்ணின் கைக்கோ இந்த 84 நாளும் வந்து சேர்வதில்லை.

வெளிநாடு செல்வோர் விடயத்தில் 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவரப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்வது அதனால் கட்டுப்படுத்தப்பட்டது. 2022 இல் இந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. சிறு பிள்ளைகளின் நலன் கருதியே இவ்விதி என்றனர். ஆனால் தந்தை செல்வதற்கு இப்படியொரு நிபந்தனை விதிக்கப்படவில்லை. தடை மட்டும் போட்டால் வறுமை தீராது. தரகர்களின் குறுக்கு வழிக்கே அது ஆள் சேர்க்கும்.

பாரத்தைப் பகிர்தல்

சுவீடன் 1974 இல் மகப்பேற்று விடுமுறையைப் பெற்றோர் விடுமுறையாக மாற்றியது. தந்தையும் அதைப் பெறலாம். இருந்தும் பெரும்பாலான தந்தையர் தம் பங்கை மனைவிக்கே விட்டனர். எனவே 1995 இல் ஒரு மாதம் ஒவ்வொரு பெற்றோருக்கும் தனியாக ஒதுக்கப்பட்டது. தந்தை எடுக்காவிட்டால் அது இழக்கப்படும். 2016 முதல் இவ்வொதுக்கீடு மூன்று மாதமாகும். சட்டத்தோடு வழக்கமும் மாறவேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

அயலிலேயே ஓர் உதாரணமும் உண்டு. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களுக்குத் தோட்டத்துப் 'பிள்ளைக் காம்பரா' தெரிந்ததே. தாய் கொழுந்து பறிக்கும் நேரத்தில் பிள்ளையைப் பார்க்க ஓர் இடமும் ஓர் ஆளும் இருக்கும். அதன் குறைகள் பல. எனினும் பெண்ணின் உழைப்பு வேண்டுமாயின் பிள்ளைக்கு ஏற்பாடு செய்யவேண்டும் என்பதைத் தோட்ட நிருவாகமே ஏற்றுக்கொண்டது.

சர்வதேச தொழில் தாபனம் 2018 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஊதியமற்ற பராமரிப்பு வேலைக்கு உலகில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 4 மணி 25 நிமிடமும், ஆண்கள் 1 மணி 23 நிமிடமும் செலவிடுகின்றனர். இந்த இடைவெளி குறையாமல் தாய் வேலைக்குப் போவது, ஒரு சுமையின்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகவே முடியும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்க்கலாம். நடுகைக்கும் அறுவடைக்கும் ஆள் மாற்றி உதவிய வழக்கத்தைப் பிள்ளைப் பராமரிப்புக்கும் கொண்டுவரலாம். மாதர் சங்கம் இதை முன்னின்று செய்யலாம்.

இரண்டாவது, படிவங்களில் 'தொழில்' என்ற இடத்தில் கமம் செய்யும் பெண் 'வீட்டுப்பணி' என எழுதாமல் 'விவசாயம்' என எழுத வேண்டும். கமக்காரர் அமைப்பில் அவளது பெயரும் இருக்கட்டும். பெயர் பதியப்படாதவள், காணியோ மானியமோ பங்கிடப்படும்போதும் மறக்கப்படுவாள்.

மூன்றாவது, தந்தையர் பிள்ளையைக் குளிப்பாட்டுவதையும் சோறூட்டுவதையும் இழுக்காகக் கருதலாகாது. தாய்மை பெரும் பேறு என்று மேடையில் புகழ்வது எளிது. அந்தப் பேற்றின் வேலையில் ஒரு பங்கைத் தோளில் ஏற்பதே அதற்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.

கலந்துரையாடலுக்குச் சில வினாக்கள்

1. எமது வீட்டில் காலை முதல் இரவு வரை யார் யார் என்ன வேலை செய்கிறார்கள்? பட்டியல் இட்டுப் பாருங்கள்.

2. பிள்ளை பார்ப்பதற்காகப் பாடசாலையை விட்ட சிறுமிகள் எமது குடியிருப்பில் உள்ளனரா? அவர்களை மீண்டும் அனுப்ப என்ன வேண்டும்?

3. தாய் வெளிநாடு செல்ல எண்ணும் குடும்பத்தில், பிள்ளைகளின் பொறுப்பைத் தந்தை எவ்வாறு ஏற்கப் போகிறார் என்பது முன்கூட்டியே பேசப்படுகிறதா?