நம்பிக்கை காக்கும் நாள் ஒழுங்கு

மாமல்லபுரக் கடற்கரை மக்கள் 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையைக் கண்டனர். 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் புயலும் அக்கரையையே தாக்கிற்று. புயல் எச்சரிக்கை வந்தாலே படகுகள் கரையேறும், வருவாய் நின்றுபோகும். செங்கற்பட்டின் ஏரிக்கரைகளிலும் அடைமழைக்காலம் அச்சந்தருவதே. இத்தகைய நாட்களில் உள்ளம் சோராதிருக்க வழி யாது?

வியட்நாம் நாட்டு ஆயர் வான் துவான் 1975-இல் கைதாகி, 13 ஆண்டுகள் காவலில் இருந்தார். அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. விடுதலை நாளை எண்ணி ஏங்கிக் காலங்கழிக்க அவர் விரும்பவில்லை. வயிற்றுவலி மருந்து என்ற பெயரில் வெளியிலிருந்து வந்த திராட்சை இரசத்தில் மூன்று துளி, தண்ணீர் ஒரு துளி, உள்ளங்கையே திருக்கிண்ணம். இவ்வாறு அவர் நாள்தோறும் நிறைவேற்றிய திருப்பலியே அவரைத் தாங்கிற்று.

நம் இல்லங்களிலும் இத்தகைய சிறு ஒழுங்கு வேண்டும். காலையில் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுவோம். பகலில், தொழில் நின்றிருந்தாலும், வலையைச் செப்பனிடுவோம். துயருறும் அண்டை வீட்டாரைச் சென்று காண்போம். மாலையில் குடும்பமாய்ச் செபமாலை சொல்வோம். அதன்பின், அன்று பெற்ற நன்மை ஒன்றை ஒவ்வொருவரும் கூறட்டும். துயரையும் மறைக்கவேண்டா, அதையும் ஆண்டவர் திருமுன் வைப்போம்.

இன்று மாலையே தொடங்குவோம். கடல் அமைதியாயிருக்கையில் பழகிய செபமே புயல் வேளையிலும் நாவில் எழும்.