எப்படி இயங்குகிறது? பால்மா டின்னில் மிளகாய்த்தூள்

லயத்து அடுப்படியில் தட்டு நிறைய டின்கள் இருக்கும். பால்மா டின்னில் மிளகாய்த்தூள், பிஸ்கட் டின்னில் பருப்பு, நெஸ்டமோல்ட் போத்தலில் உப்பு. வீட்டுக்காரிக்கு இருட்டிலும் கை சரியாகப் போகும். மேலே என்ன பெயர் அச்சடித்திருக்கிறது என்று அவள் பார்ப்பதே இல்லை. புதிதாக வந்த மருமகளுக்கு இரண்டே வழி: ஒவ்வொரு டின்னாகத் திறந்து முகர்ந்து பார்ப்பது, அல்லது யாராவது எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து எடுப்பது.

டிஷ் இல்லாமல், கூரையில் கட்டிய அன்டனாவை மட்டும் நம்பி இயங்கும் டிஜிட்டல் தொலைக்காட்சிப் பெட்டிதான் அந்த மருமகள். கடையிலிருந்து வந்த அன்றைக்கு அதற்கு எந்த மலையில் எந்தக் கோபுரம் இருக்கிறது என்று தெரியாது. தட்டு என்பது வானலை. யூஎச்எஃப் பகுதி 470 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. நம் இலங்கையில் அங்கிருந்து 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இடம் பிரித்து 21, 22, 23 என்று இலக்கம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு இலக்கமும் ஒரு டின். டின்னின் நடுப்புள்ளியை, அதாவது அதன் மீடிறனை (தமிழ்நாட்டில் அதிர்வெண் என்பார்கள்) கண்டுபிடிப்பது சின்னக் கணக்கு: இலக்கத்தை எட்டால் பெருக்கி 306ஐக் கூட்ட வேண்டும். 21க்கு 474 மெகாஹெர்ட்ஸ் வரும்.

அனலாக்கில் ஒரு டின்னுக்கு ஒரு சரக்குதான். ரூபவாஹினிக்கு ஒன்று, வசந்தத்துக்கு ஒன்று, சக்திக்கு ஒன்று. டிஜிட்டலில் ஒரே டின்னுக்குள் பல பொட்டலங்கள் கட்டி வைக்கலாம். சிக்கனம்தான். ஆனால் ஒரு டின்னைத் தவறவிட்டால் அத்தனை பொட்டலமும் போச்சு.

பெட்டி முகர்ந்து பார்ப்பதைத்தான் ஸ்கேன் என்கிறோம். 474இல் போய் நிற்கும், காத்திருக்கும், ஏதாவது பிடிபடுகிறதா என்று பார்க்கும், அடுத்து 482. அகலம் என்ன, பண்பேற்றம் என்ன, பிழைதிருத்தம் எவ்வளவு என்பதையும் கண்டுகொள்ள வேண்டும். இன்றைய பெட்டிகள் இதையெல்லாம் தாமாகவே ஊகிக்கும். ஒளிபரப்புக்குள்ளேயே அந்த விவரம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பழைய டியூனர்களுக்கு எல்லாவற்றையும் வாயில் ஊட்ட வேண்டும்.

ஏதாவது ஒரு டின் திறந்துவிட்டால், உள்ளே ஒரு சீட்டு கிடைக்கும். தொழில்நுட்பக்காரர்கள் அதை நிட் என்கிறார்கள், வலையமைப்பு விவர அட்டவணை. 'மற்ற டின்கள் இந்தந்த இடத்தில் இருக்கின்றன' என்று ஒளிபரப்பு நிலையமே எழுதி அனுப்புவது. ஜப்பானிய முறையில் துணை நிலையங்களின் மீடிறன்களையும் அதிலேயே எழுத இடம் உண்டு. இதை நம்பினால் போதாதா? போதாது. பெரிய நிலையத்தின் சமிக்ஞையை வாங்கி வேறொரு மீடிறனில் பள்ளத்தாக்குக்கு அனுப்பும் துணை நிலையம், சில நாடுகளில் பெரிய நிலையத்தின் சீட்டையும் அப்படியே அனுப்பிவிடுகிறது. மாமியார் வீட்டுத் தட்டுக்கு எழுதிய சீட்டை மருமகள் தனிக்குடித்தனம் போன வீட்டில் ஒட்டிய கதை.

ஆகவே வெளியே ஒரு பட்டியல் தேவைப்படுகிறது. லினக்ஸ் கணினிகளில் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் பல ஆண்டுகளாக இதைத் தொண்டாகச் செய்துவருகிறார்கள். டிடிவி-ஸ்கேன்-டேபிள்ஸ் என்று அந்தத் தொகுப்புக்குப் பெயர். நாட்டின் குறியெழுத்து, பிறகு கோபுரத்தின் அல்லது ஊரின் பெயர் என்று ஆளுக்கொரு சின்னக் கோப்பு. உள்ளே மீடிறன், அகலம், பண்பேற்றம். நாட்டுக்கு ஒரே கோப்பாக இருந்தால் பட்டியல் நீளும், பிழையும் கூடும். இலண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கோபுரத்துக்கு ஒரு கோப்பு என்றால், நுவரெலியாவின் பீதுருதலாகலைக்கும் வடக்கின் கொக்காவிலுக்கும் வெவ்வேறு கோப்புகள் வேண்டும். ஒரே இலக்கம் ஒரு வீட்டில் உப்பு, இன்னொரு வீட்டில் சீனி.

வேறு நாட்டுச் சீட்டைக் கடன் வாங்கவே கூடாது. இலங்கை முதலில் ஐரோப்பிய டிவிபி-டி2 பக்கம் சாய்ந்திருந்தது. 2014இல் ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையைத் தெரிந்தெடுத்தது. ஜப்பானில் ஒரு டின்னின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ்தான், எண்ணிக்கையும் 470இல் 13 என்று தொடங்குகிறது. அங்கே 21ஆம் இலக்கம் என்றால் 521 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில். இங்கே அதே 21 என்றால் 474. போதாக்குறைக்கு ஜப்பானியர் நடுப்புள்ளியை ஏழில் ஒரு பங்கு மெகாஹெர்ட்ஸ் தள்ளி வைக்கிறார்கள்: 13ஆம் இலக்கம் 473 அல்ல, 473.142857. பிரித்தானியாவில் ஒரு காலம் ஆறில் ஒரு பங்கு தள்ளி வைத்த டின்கள் இருந்தன. அதனால்தான் நல்ல பட்டியலில் சனல் இலக்கத்தோடு நிற்காமல், ஹெர்ட்ஸ் வரைக்கும் முழு எண்ணாக மீடிறனை எழுதுகிறார்கள்.

இனி மலைக்கு வருவோம். 1982 பெப்ரவரி 15இல் ஜப்பான் உதவியோடு ரூபவாஹினி தொடங்கியது. அதன் முக்கிய ஒளிபரப்பி பீதுருதலாகலை உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில். நாட்டில் அதைவிட உயரமான இடம் இல்லை. கொழும்பில் 2019இல் திறந்த தாமரைக் கோபுரம் 350 மீட்டர். நுவரெலியா நகரமே அதைவிட 1,500 மீட்டர் மேலே இருக்கிறது. இத்தனை உயரத்திலிருந்து அனுப்பினால் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் தோன்றும். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், அப்படி இல்லை. உச்சியின் அடிவாரத்தில் இருக்கும் லயத்துக்கு முன்னால் ஒரு மேடு எழுந்து நிற்கும், படம் வராது. ஹட்டன் பக்கத்தில் ஒரு டிவிஷனில் தெளிவாக இருப்பது மலைமுகட்டைத் தாண்டிய அடுத்த டிவிஷனில் புள்ளி புள்ளியாக இருக்கும். சில இடங்களில் நேரே வரும் அலை மறைந்து, எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அலைதான் வந்து சேரும். அன்டனாவைக் கோபுரத்துக்கு முதுகு காட்டித் திருப்பியவர்களைக் கிறுக்கர்கள் என்று சொல்லிவிட முடியாது.

டிஜிட்டலில் இந்த எதிரொலியைத் தாங்க வழி இருக்கிறது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னால் ஒரு காவல் இடைவெளி விடுகிறார்கள். அதற்குள் வந்து சேரும் எதிரொலி கெடுதல் செய்யாது. ரேடியோ அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும் என்பதால், இடைவெளி 100 மைக்ரோ நொடி என்றால் 30 கிலோமீட்டர் சுற்றி வந்த அலையையும் சமாளிக்கலாம். இதே உபாயத்தால் பள்ளத்தாக்கில் வைக்கும் சின்னத் துணை நிலையத்தையும் பெரிய நிலையத்தின் அதே மீடிறனிலேயே ஓட விடலாம். அப்போது பட்டியலில் ஒரு வரி போதும். வேறு வேறு மீடிறன் கொடுத்தால் ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு வரி. மலையகத்தின் பட்டியல் ஒரு பக்கமா பத்துப் பக்கமா என்பது, நிலையங்களை அமைக்கும் பொறியியலாளர் எடுக்கப்போகும் இந்த ஒரு முடிவில் தொங்குகிறது.

அந்த முடிவு பட்டியலாக மாறும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது. 2014இல் எழுதிய திட்டம் கடன், நெருக்கடி என்று இழுபட்டது, அனலாக் நிற்கவில்லை. அதற்குள் லயங்களின் கூரையெல்லாம் டிஷ் ஏறிவிட்டது. மாதாமாதம் பணம் கட்டிப் பார்ப்பது பழகிப்போனது. இலவசமாக வானில் வருவதைப் பற்றி யாருக்கு அக்கறை என்று கேட்பவர்கள் உண்டு. மாதச் சம்பளத்தில் ரீசார்ஜுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் அக்கறை தானாக வரும்.

இனி வரப்போகும் பட்டியலில் எனக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். சீட்டே இல்லாத மருமகள் முகர்ந்தாவது பார்ப்பாள். தப்பான சீட்டை நம்பிய மருமகள் தேத்தண்ணியில் உப்பைப் போடுவாள். வாயில் வைத்ததும் தெரிந்துவிடும் என்பதால் அதுகூடப் பரவாயில்லை. டிஜிட்டலில் தெரியாது. அனலாக்கில் மீடிறன் சற்றுப் பிசகினாலும் இரைச்சலாவது, நிழலாவது வந்து 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று சொல்லும். டிஜிட்டலில் முழுப்படம் அல்லது ஒன்றுமே இல்லை. பட்டியலில் ஒரு வரி தப்பு என்றால் திரையில் 'சமிக்ஞை இல்லை' என்று மட்டும் வரும். பார்ப்பவர் அன்டனாவைத் திட்டுவார், மழையைத் திட்டுவார், மேட்டைத் திட்டுவார். சமவெளியில் இருப்பவர் கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடிப்பார். மலையில் இருப்பவர், 'நம்ம பக்கம் அப்படித்தான்' என்று விட்டுவிடுவார். முறைப்பாடு போகாது, வரி திருத்தப்படாது.

சேர்ப்பதைவிடக் கழிப்பதுதான் கடினம். புதிய நிலையம் வந்தால் பத்திரிகையில் வரும். மூடினால் யாரும் சொல்வதில்லை. கைப்பேசிக்காரர்களுக்கு இடம் கொடுக்க உலகம் முழுக்கத் தொலைக்காட்சியைத் தட்டின் கீழ்ப்பகுதிக்கு நெருக்குகிறார்கள். பிரித்தானியா 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருந்ததை 2020இல் காலி செய்து முடித்தது. அமெரிக்காவில் 2017 முதல் 2020 வரை சுமார் 1,000 நிலையங்கள் இடம் மாறின. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய கோப்புகளில் செத்த வரிகள் மிஞ்சும். இந்தியாவில் தூர்தர்ஷன் தன் அனலாக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றை 2022க்குள் நிறுத்திவிட்டது. ஒரு காலத்தில் நம் வடக்கில் கொடைக்கானல் ஒளிபரப்பைப் பிடித்துப் பார்த்தவர்களின் பழைய குறிப்புகளுக்கு இன்று வேலை இல்லை. செத்த வரி படத்தைக் கெடுக்காது, ஸ்கேன் நேரத்தைத் தின்னும். ஆனால் அதே இலக்கத்தில் நாளைக்கு வேறு நிலையம் வேறு அமைப்போடு வந்தால், பழைய வரி புதியதை மறைத்துவிடும்.

ஐஎஸ்டிபி-டியோடு இன்னொன்றும் வருகிறது, அவசர எச்சரிக்கை ஒளிபரப்பு. தயாராக உள்ள பெட்டி அணைந்து கிடந்தாலும், ஒளிபரப்பில் வரும் சிறு குறியைப் பார்த்துத் தானே விழித்துக்கொள்ளும். மண்சரிவுக்கு ஒவ்வொரு மழைக்காலமும் அஞ்சும் நுவரெலியா மாவட்டத்துக்கு இது படம் பார்ப்பதைவிடப் பெரிய விஷயம். ஆனால் பெட்டி சரியான மீடிறனில் காத்திருந்தால்தான் குறி கண்ணில் படும்.

எந்த மீடிறன் யாருக்கு என்று ஒதுக்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. ஒதுக்கியதன் பட்டியல் கொழும்பில் இருக்கும். எது உண்மையில் லயத்துக்கு வந்து சேர்கிறது என்பது அந்த லயத்தில்தான் தெரியும். பட்டியலைப் பேணுபவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் அன்டனா கட்டித் தரும் பையன் ஒருவன் கைப்பேசியில் இவ்வளவை எழுதி அனுப்பினால் போதும்: டிவிஷனின் பெயர், அன்டனா எந்தத் திசையைப் பார்க்கிறது, எதிரே எந்த மேடு, பெட்டி காட்டிய மீடிறன் ஹெர்ட்ஸ் வரைக்கும், சமிக்ஞையின் பலமும் தரமும் தனித்தனியாக, மழையா வெயிலா, திகதி. வராத சனல்களையும் எழுத வேண்டும். 'தேடினேன், இல்லை' என்ற குறிப்பும் பட்டியலுக்கு வேண்டிய விவரம்தான். திகதியில்லாமல் வரும் வரியைச் சேர்க்காமல் திருப்பி அனுப்புவது நல்லது.