கேபிள் டி.வி. நின்றால் யார் பொறுப்பு? ஏணி உள்ளூரில், சாவி வெளியூரில்!

திண்டுக்கல்,

சாயங்காலம் சீரியல் ஓடும் நேரத்தில் டி.வி. திடீரென்று கருப்பாகி விட்டால் முதல் போன் யாருக்கு போகும்? தெரு கேபிள்காரருக்குத்தான். "மாசமானா காசு மட்டும் கரெக்டா வாங்குறீங்க, படம் எங்கே?" என்று அவரைத்தான் பிடித்து உலுக்குவார்கள்.

ஆனால் இன்றைக்கு பாதி கோளாறுகளில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்திரம் புதுசாகி விட்டது. அதை பழுது பார்க்கத் தெரிந்த ஆள் தெருவில் இல்லை. கேபிள் டி.வி. தொழிலையே ஆட்டி வைக்கும் பிரச்சினை இதுதான்.

நின்று போன டி.வி.க்கள்

இதை தமிழ்நாடே நேரில் பார்த்தது 2022 நவம்பரில். அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ்கள் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் முடங்கின. வயர் அறுந்து போகவில்லை. கரண்டும் போகவில்லை. பாக்சுக்கு சாப்ட்வேர் சேவை கொடுத்து வந்த தனியார் நிறுவனம் தரப்பில்தான் கோளாறு என்று அரசு கேபிள் நிறுவனம் தெரிவித்தது.

தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. நிறுவனம் 2007-ல் தொடங்கப்பட்டது. 2011 செப்டம்பரில் மாதம் ரூ.70 கட்டணத்தில் மறுபடியும் சேவைக்கு வந்தது. 2017-ல் டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. பாக்ஸ்களையும் இலவசமாக கொடுத்தார்கள். வயர் இருந்தது, பாக்ஸ் இருந்தது, ஆபரேட்டர்கள் இருந்தார்கள். அத்தனை பாக்சையும் ஓட வைக்கும் சாப்ட்வேர் மட்டும் அடுத்தவர் கையில் இருந்தது. அது நின்றதும் எல்லாம் நின்றது.

பூட்டும் சாவியும்

இது எப்படி என்று திண்டுக்கல்காரர்களுக்கு சொல்லிப் புரிய வைப்பது சுலபம். பூட்டுக்கு பெயர் போன ஊர் இது. 2019-ல் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடும் வாங்கியது. டிஜிட்டல் கேபிளும் ஒரு பூட்டு, சாவி வேலைதான்.

கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு சேனலையும் பூட்டித்தான் வயரில் அனுப்புகிறார்கள். வீட்டில் இருக்கும் செட்டாப் பாக்ஸ்தான் அதை திறக்கிறது. எந்த பாக்ஸ் எந்த சேனலை திறக்கலாம் என்ற உத்தரவு கம்ப்யூட்டரில் இருந்து வரும். பாக்சுக்கு பணம் கட்டியாச்சா, எந்த பேக்கேஜ் என்ற கணக்கும் இன்னொரு சாப்ட்வேரில் ஓடும். உத்தரவு வராவிட்டால் புது டி.வி.யாக இருந்தாலும் படம் காட்டாது.

மாங்காய் பூட்டு செய்பவருக்கு அதன் சாவியும் செய்யத் தெரியும். தெரு கேபிள்காரரிடம் இருப்பது ஏணியும் கட்டிங் பிளேயரும்தான்.

அன்றும் இன்றும்

1990-களில் இந்த தொழில் எளிது. மொட்டை மாடியில் பெரிய டிஷ், தெருத்தெருவாக வயர், கம்பத்துக்கு கம்பம் ஆம்ப்ளிபயர். படத்தில் புள்ளி விழுந்தால் ஆம்ப்ளிபயரை கொஞ்சம் ஏற்றி விடுவார்கள். பத்தாவது பெயிலான பையன்கூட 6 மாதம் கூடவே சுற்றி கற்றுக் கொள்ளலாம்.

2011-ல் கேபிள் டி.வி. சட்டம் திருத்தப்பட்டு டிஜிட்டல் கட்டாயம் ஆனது. மொத்தம் 4 கட்டம். திண்டுக்கல் போன்ற நகரங்கள் 3-வது கட்டத்திலும், கிராமங்கள் கடைசி கட்டத்திலும் வந்தன. 2019 பிப்ரவரியில் டிராயின் புது கட்டண முறை வந்தது. சேனல் வாரியாக காசு. ஏணியில் ஏறியவர் கம்ப்யூட்டர் முன்னாடியும் உட்கார வேண்டி வந்தது.

வயரும் மாறி விட்டது. இப்போது போடுவது கண்ணாடி இழை. தலைமுடி தடிமன்தான் இருக்கும். அறுந்தால் முறுக்கி டேப் சுற்ற முடியாது. ஸ்பிளைசிங் மெஷினில் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும். எந்த இடத்தில் அறுந்தது என்று பார்க்க ஓ.டி.டி.ஆர். என்ற தனி கருவி இருக்கிறது. வெட்டிய துண்டு கையில் குத்தினால் ஆபத்து. உள்ளே வரும் லேசர் ஒளி கண்ணுக்கு தெரியாது. முனையை கண்ணில் வைத்து பார்க்கவே கூடாது. கூடவே சுற்றி கற்றுக் கொண்டால் மட்டும் போதாது, முறையான பயிற்சி வேண்டும்.

ஆள் நிற்காதது ஏன்?

காரணம் சம்பளம். செல்போனில் படம் பார்ப்பவர்கள் கூடியதால் கேபிள் இணைப்பு குறைகிறது. வருமானம் இறங்கும்போது சின்ன ஆபரேட்டர் எப்படி சம்பளத்தை ஏற்றுவார்? பைபர் வேலை கற்றுக் கொண்ட பையன் பிராட்பேண்ட் கம்பெனிக்கு போய் விடுவான். மிஞ்சுவது வயதான லைன்மேன். கம்பத்தில் ஏறி பழகிய அவருக்கு கம்ப்யூட்டர் சொல்லித்தர ஆள் கிடையாது.

அதேசமயம் வேலைக்கு பஞ்சம் இல்லை. பாரத் நெட் திட்டத்தில் 12 ஆயிரத்து 525 ஊராட்சிகளுக்கு கண்ணாடி இழை இணைப்பு கொடுக்க 2018-ல் டான்பிநெட் நிறுவனம் தொடங்கப்பட்டது. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம், நிலக்கோட்டை பக்கத்து கிராமங்களும் இதில் அடக்கம். இழை போட்ட பிறகு ஒட்டவும் பார்க்கவும் உள்ளூரிலேயே ஆள் வேண்டும்.

தொலைத்தொடர்பு துறை திறன் கவுன்சிலின் பயிற்சி பட்டியலில் ஆப்டிக்கல் பைபர் ஸ்பிளைசர், பைபர் டெக்னீசியன் வேலைகள் இருக்கின்றன. பயிற்சி எங்கே நடக்கிறது என்று மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விசாரிக்கலாம். 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் மாணவர்களுக்கு கை கொடுக்கிறது. 45 வயது லைன்மேனுக்கும் அதுபோல ஒரு வழி பிறந்தால்தான் இந்த தொழில் பிழைக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது

டி.வி. நின்றால் முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கே ஓடினால் கோளாறு உங்கள் வயரிலோ பாக்சிலோதான். தெரு முழுக்க இல்லை என்றால் லைன் அறுந்திருக்கலாம். இந்த இரண்டையும் கேபிள்காரர் பார்த்துக் கொள்வார்.

அதே கேபிளில் அடுத்த ஊரிலும் படம் இல்லை என்றால் கோளாறு கட்டுப்பாட்டு அறையில். அன்றைக்கு கேபிள்காரரை திட்டி பயனில்லை. அவர் வீட்டு டி.வி.யும் ஓடாது.