நீர்ப் பரிசோதனையும் மறைமாதிரியும்

கிணற்று நீரை ஒரு போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புகின்றவர் அங்கிருந்து திரும்பப் பெறுவது ஓர் எண் மட்டுமே. இலீற்றர் ஒன்றுக்கு நைத்திரேற்று இத்துணை மில்லிகிராம் என அறிக்கைத் தாளில் எழுதப்பட்டிருக்கும். அவ்வெண் மெய்யோ பொய்யோ என்பதை நீரைப் பார்த்தும் அறிதல் இயலாது; பருகிப் பார்த்தும் அறிதல் இயலாது. எனினும் அவ்வெண்ணை நம்பியே ஒரு தாய் தன் கைக்குழந்தைக்கு அந்நீரிற் பால்மாவைக் கரைக்கின்றாள். நைத்திரேற்று மிகுந்த கிணற்று நீர் கலந்த உணவை உண்ட சிசுக்கள் உடல் நீலம் பாரித்து நோயுறுவதை 1945 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் கொம்லி என்பார் எடுத்துக்காட்டினார். இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை அத்தகைய சிசுக்களைக் கருத்திற்கொண்டு எழுந்ததே. ஆகவே, 45 என அறிவிக்கப்பட்ட நீரில் உண்மையில் 70 இருக்குமாயின், அப்பிழையின் பயனை அனுபவிப்போர் ஆய்வுகூடத்தார் அல்லர்.

சுண்ணாம்புக்கல் நிலத்தின் அடிநீரையே நம்பி வாழும் யாழ்ப்பாணத்தவர்க்கு இவ்விடயம் புதியதன்று. தோட்டங்களுக்கு இடும் பசளையிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று இலகுவாகக் கீழிறங்கிக் கிணறுகளைச் சேர்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றிய வழக்கு எழுந்து, 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரையிற் சென்றதையும் அனைவரும் அறிவர். அக்காலத்தில் வெவ்வேறு தரப்பினர் வெளியிட்ட முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டமையால் எதனை நம்புவது என மக்கள் மயங்கி நின்றனர். நீரைச் சோதிப்பவரைச் சோதிப்பது எங்ஙனம் என்னும் வினா அப்போதுதான் பலர் உள்ளத்திலும் எழுந்தது.

இவ்வினாவுக்கு முதன்முதல் விடை தேடியோருள் மருத்துவத் துறையினர் குறிப்பிடத்தக்கவர். பெல்க், சண்டர்மன் என்னும் இருவர், தாம் கூறுகளை முன்னரே அறிந்த கரைசல்களை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி, வந்த விடைகளை ஒப்புநோக்கி 1947 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஏற்கத்தக்க விடைகளினும் ஏற்கத்தகாதனவே மிகுந்திருந்தன. இம்முறை பின்னர் நீராய்வுக்கும் பரவியது. இன்று உலகெங்கும் ஆய்வுகூடங்கள் தம் தகுதியை நிலைநாட்டுதற்கு இத்தகைய மாதிரிகளைக் காலந்தோறும் பெற்றுச் சோதித்து விடை அனுப்புகின்றன.

ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. வந்திருப்பது தம்மைச் சோதிக்கும் மாதிரி என்பதை ஆய்வாளர் அறிவர். அதிலடங்கிய அளவை மாத்திரமே அறியார். கண்ணாடிக் கலங்களை இருமுறை கழுவுவர். புதிய சோதனைப்பொருள்களை எடுப்பர். ஒருமுறைக்கு மும்முறை அளந்து சராசரி காண்பர். இது வஞ்சகம் அன்று, மனித இயல்பே. முன்னாளில் வித்தியாதரிசி வருகின்ற தினத்தில் வகுப்பறை எவ்வாறு பொலிந்தது என்பதை ஆசிரிய உலகம் நன்கறியும். அன்று கண்ட வகுப்பறை அவ்வாசிரியரின் வல்லமைக்குச் சான்றாகலாம். அவருடைய அன்றாட வழக்கத்துக்குச் சான்றாகாது.

சோதனை என்றே அறியாவண்ணம், ஏனைய மாதிரிகளோடு மாதிரியாகக் கலந்து அனுப்பப்படுவதே மறைமாதிரி. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு கற்பனையன்று. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தைச் சார்ந்தோர், போதைப்பொருட் பரிசோதனை செய்யும் 13 ஆய்வுகூடங்களுக்கு இத்தகைய மறைமாதிரிகளை அனுப்பிக் கண்ட முடிவை 1985 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கொக்கேயின் கலந்த மாதிரிகளைப் பொறுத்தவரை, ஓர் ஆய்வுகூடம் ஒன்றையேனும் தவறவிடவில்லை. இன்னொன்றோ நூற்றுக்கு நூறும் தவறவிட்டது. வெளிப்படையான சோதனைகளில் நன்கு தேறிய கூடங்களும் மறைமாதிரியில் இடறின.

இனி, மறைமாதிரியை ஆக்கும் வகையை நோக்குவாம். நைத்திரேற்றையே எடுத்துக்கொள்வோம். உலர்த்திய தூய பொற்றாசியம் நைத்திரேற்றில் 8.15 கிராமை நிறுத்து, வடித்த நீரிற் கரைத்து ஓர் இலீற்றராக்கினால், அக்கரைசலின் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் 5 மில்லிகிராம் நைத்திரேற்று இருக்கும். அதில் 5 மில்லிலீற்றரை எடுத்து ஓர் இலீற்றராக விரிவாக்கின் 25 மில்லிகிராம் கொண்ட மாதிரி கிடைக்கும். நல்ல தராசும் குழாயியும் உள்ள கல்லூரி ஆய்வுகூடம் எதுவும் இதனைச் செய்யலாம்.

ஆனால் வடித்த நீரிற் செய்த மாதிரி தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். கிணற்று நீருக்குரிய வன்மை அதிலில்லை, உப்பில்லை. மின்கடத்துதிறனை அளந்த மறுகணமே ஆய்வாளர் அதன் பிறப்பை அறிந்துகொள்வார். இதனினும் பெரிய தீங்கு வேறொன்றுண்டு. நைத்திரேற்றை அளக்கும் பழைய முறைகளுள் ஒன்று, நீரை வற்றவைத்துப் பீனோல் இருசல்போனிக்கமிலம் சேர்த்துத் தோன்றும் மஞ்சள் நிறத்தின் செறிவை அளப்பது. நீரில் குளோரைட்டு மிகுந்திருப்பின் நைத்திரேற்றின் ஒரு பகுதி அளக்கப்படுமுன்னரே அழிந்துவிடும். வெள்ளிச் சல்பேற்றினாற் குளோரைட்டை முன்னதாக அகற்றுதல் வேண்டும். அகற்ற மறந்த ஆய்வாளர் வடித்த நீர் மாதிரியிற் சரியான விடையே காண்பார்; கடலோரக் கிணற்று நீரிலோ குறைத்தே காண்பார். நோயைக் காட்டாத சோதனையால் யாது பயன்?

ஆகவே மறைமாதிரி கிணற்று நீரிலேயே ஆக்கப்படுதல் தகும். ஒரே கிணற்று நீரை இரு போத்தல்களில் எடுத்து, ஒன்றை அவ்வாறே விட்டு, மற்றையதில் மேற்கூறிய கரைசலைச் சேர்த்து இலீற்றருக்கு 25 மில்லிகிராம் மிகுவித்து, இரு வேறு கிணறுகளின் பெயரால் அனுப்புதல் வேண்டும். முதலாவதற்கு 18 என விடை வருமாயின் இரண்டாவதற்கு 43 அளவில் வருதல் வேண்டும். 36 என வருமாயின், சேர்த்த 25 இல் 18 மாத்திரமே மீண்டுள்ளது. அஃதாவது நூற்றுக்கு 72. எஞ்சிய 28 எங்கே போயிற்று என ஆய்வுகூடத்தை வினவலாம். 9.7 என வருமாயின், இரசாயனத்திற் பிழையே இல்லை எனத் துணியலாம். நைத்திரேற்றாக எழுதவேண்டியதை நைதரசனாகக் கணித்து எழுதியுள்ளனர், 4.43 ஆற் பெருக்கினால் 43 கிடைக்கும். இவ்வகைத் தவறு சிறியதாகத் தோன்றினும், நச்சு நீரை நன்னீராகக் காட்டவல்லது இதுவே.

போத்தல்களும் அவற்றின் எழுத்தும் எடுத்துச் செல்லும் ஆளும் வழமையானவையாய் இருத்தல் வேண்டும். நைத்திரேற்று மாதிரியைக் குளிரில் வைத்து 48 மணித்தியாலத்துள் சோதித்தல் முறையாதலால், அனுப்புவோர் தாமதித்துவிட்டு ஆய்வுகூடத்தைக் குறைகூறலாகாது. எப்போத்தலில் எவ்வளவு என்னும் குறிப்பு, ஆய்வுகூடத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் இருத்தல் நன்று.

வந்த விடையை மதிப்பிடுதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. விடைக்கும் உரிய அளவுக்கும் உள்ள வேறுபாட்டை, ஏற்கப்பட்ட நியம விலகலாற் பிரிக்க வரும் எண் 2 க்கு மேற்படாதாயின் விடை திருப்தியானது. 2 க்கும் 3 க்கும் இடைப்படின் ஐயத்துக்குரியது. 3 ஐ எட்டின் ஏற்கத்தகாதது. உரிய அளவு 43, விலகல் 2.5 எனக் கொண்டால், 46 எனக் கூறியவரைப் பழித்தல் அறியாமையாகும். 36 எனக் கூறியவரோ ஐயத்துக்குரியவர்.

பற்றீரியாவைப் பொறுத்தவரை இக்கணக்கும் செல்லாது. உப்பைப் போல உயிர்கள் நீரிற் சீராகக் கரைந்திருப்பதில்லை. 100 மில்லிலீற்றருக்குச் சராசரி ஓர் உயிர் வீதம் பரந்துள்ள நீரிலிருந்து 100 மில்லிலீற்றரை எடுத்தால், அதில் ஒன்றுமே இல்லாதிருத்தற்கு நூற்றுக்கு 37 அளவில் வாய்ப்புண்டு. அந்நீரை இரு ஆய்வுகூடங்களுக்குப் பகிர்ந்தனுப்ப, ஒன்று உண்டென்றும் மற்றையது இல்லையென்றும் விடை பகரின், இரண்டும் பிழையின்றிச் செய்திருத்தல் கூடும். பல மாதிரிகளைப் பல மாதங்கள் அனுப்பியே இங்கு முடிவு காணலாகும்.

மறைமாதிரியின் கண்ணுக்கு எட்டாதது ஒன்றுண்டு. 2000 ஆம் ஆண்டு மே மாதத்திற் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து வோக்கற்றன் என்னும் சிறுநகரிற் குடிநீரிற் கொடிய பற்றீரியா கலந்து எழுவர் இறந்தனர்; 2,300 பேரளவில் நோயுற்றனர். பின்னர் நடந்த விசாரணையில், அந்நகரின் நீர் வழங்கற் பணியாளர் போத்தல்களில் ஓரிடத்தின் பெயரை எழுதி வேறிடத்து நீரை நிரப்பி ஆய்வுகூடத்துக்கு அனுப்பி வந்தமை வெளிப்பட்டது. ஒன்ராறியோ 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீராய்வுகூடங்களை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியதோடு, நீர் வழங்கும் அமைப்புகளையும் அவற்றை இயக்குவோரையும் அதே சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது.