காலும் காலும் அரையும்

மலைநாட்டு மாணாக்கர் – 7

கம்போங் ராஜாவில் மாலைப் பனிமூட்டம் இறங்கத் தொடங்கிவிட்டால், சிம்பாங் பூலாயிலிருந்து வளைந்து வளைந்து ஏறிவரும் சாலையில் காய்கறி லாரிகளின் விளக்குகள் மஞ்சளாய்க் கலங்கித் தெரியும். புளூ வேலித் தோட்டத்துப் பக்கம் தேயிலைச் சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறையும். வீடுகளின் அடுப்படியில் மட்டும் வெளிச்சம் நிற்கும். அந்த வேளையில் வேலை முடிந்து திரும்பிய தாய், மழைக்காலணியை வாசலில் கழற்றிக்கொண்டே, உள்ளே மேசையருகில் அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "படிச்சியா?" பிள்ளை தலை நிமிராமல் சொல்லும் விடையும் ஒன்றுதான்: "படிச்சிட்டேம்மா." சம்பாஷணை அத்துடன் முடிந்துவிடுகிறது. கேட்டவளுக்கும் திருப்தி, சொன்ன பிள்ளைக்கும் திருப்தி. பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைத் திருப்பும் வரையில் அந்தத் திருப்திக்கு யாதொரு பங்கமும் வருவதில்லை.

சென்ற வாரம், பரீட்சைக்கு எஞ்சியிருக்கும் வாரங்களைப் பாடங்களுக்கிடையே பங்கிட்டுக்கொள்ளும் முறையைப் பற்றிப் பேசினோம். அவ்வாறு ஒதுக்கிய வேளையில் செய்யவேண்டியது யாது, 'படித்துவிட்டேன்' என்னும் சொல்லுக்கு மெய்யான பொருள் என்ன என்பதே இவ்வாரத்து விசாரணை.

முன்பெல்லாம் மலேசியாவில் ஒரு பிள்ளை பதினேழாம் வயதில் எஸ்.பி.எம். என்னும் பள்ளியிறுதிப் பரீட்சையை எழுத வருவதற்குள் நாடு முழுவதற்கும் பொதுவான வேறு இரண்டு சோதனைகளைக் கடந்து வந்தது. ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். 2021இலும், மூன்றாம் படிவத்துப் பி.டி.3 2022இலும் நீக்கப்பட்டன. பிஞ்சுத் தலைகளிலிருந்து ஒரு சுமை இறங்கியது நன்மையே. ஆயினும், ஓடைகளில் நீந்திப் பழகிய பின் ஆற்றில் இறங்கும் அவகாசம் போய், முதல் முழுக்கே ஆற்றில் என்றாகிவிட்டது. அந்த ஆற்றிலும் இரண்டு சுழல்கள் உண்டு. மலாய்மொழியில் தேறாதவனுக்குச் சான்றிதழே இல்லை என்பது பழைய நியதி. 2013 முதல் செஜாரா என்னும் சரித்திரப் பாடத்துக்கும் அந்த நியதி விரிந்துவிட்டது. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் தாய்மொழியில் கணக்கும் அறிவியலும் பயின்றுவிட்டு, சிலர் இடையில் ரிமூவ் வகுப்பில் ஓராண்டையும் கழித்துவிட்டு, அதன்பின் யாவற்றையும் மலாயில் கற்று மலாயிலேயே எழுதவேண்டிய தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு இவ்விரண்டும் எத்தகைய சுழல்கள் என்பதை இப்பகுதி வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

இச்சுழல்களில் இறங்குமுன் மறதியின் போக்கை அறிந்துகொள்வது நலம். வில்லியம் கேமரன் என்னும் பிரிட்டிஷ் நில அளவையாளர் இம்மலைப்பிரதேசத்துக்கு வந்து, தம் பெயரை அதற்கு விட்டுச்சென்ற 1885ஆம் ஆண்டிலேயே, ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்னும் அறிஞர் மனித ஞாபகத்தைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே பரிசோதனைப் பொருளாக்கிக்கொண்டு கணக்கெடுத்த மனிதர் அவர். முதல் முறை கற்கச் செலவிட்ட பிரயாசையில், ஒரு மணி நேரம் கழித்துப் பாதிக்கும் மேல் வீணாகியிருந்தது; ஒரு நாள் கழிந்தபோது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீணாகியிருந்தது. ஆனால் அதன்பின் வேகம் தணிந்து, மாதம் ஒன்று கடந்தும் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியே நின்றது. பொருளுள்ள பாடம் இவ்வளவு விரைவில் ஓடிவிடாது என்பது மெய்தான். எனினும் மறதி முதல் நாளிலேயே மிகுதியாக வேலை செய்கிறது என்னும் போக்கு அதற்கும் பொருந்தும்.

தேயிலை மலையில் பிறந்தவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதன்று. கையால் கிள்ளிய காலமாயினும் சரி, கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்ட இக்காலமாயினும் சரி, ஒரு நிரையில் கொழுந்து எடுத்தாயிற்று என்று எவரும் அந்த நிரையை மறந்துவிடுவதில்லை. குறித்த நாள் சென்றதும் அதே செடிக்குத் திரும்பி வருகிறார்கள். வரத் தவறினால் கொழுந்து முற்றி இலையாகிவிடும். பிறகு எவ்வளவு வேகமாக வெட்டினாலும் நல்ல தேயிலை ஆகாது. ஒரு நாளில் மலை முழுவதையும் மும்முறை சுற்றிவந்து மூன்று ரவுண்டு முடித்துவிட்டதாகச் சொல்பவரை, மேற்பார்வை பார்க்கும் தண்டல் என்ன சொல்லித் திட்டுவாரோ, அதையேதான் பரீட்சைக்கு முதல் நாள் இரவு ஒரே பாடத்தை மும்முறை வாசிக்கும் மாணாக்கனுக்கும் சொல்லவேண்டும். இன்று படித்ததற்கு நாளை ஒரு முறை, ஒரு வாரம் கழித்து மறுமுறை, மாத முடிவில் இன்னொரு முறை என்று திரும்பி வருவதே அப்பியாசம்.

திரும்பி வருவது சரி. வந்து செய்யவேண்டியது என்ன? மறுபடியும் புத்தகத்தைத் திறந்து வாசிப்பதா? இங்கேதான் நம்மவர் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே போட்டுவைத்த ஒரு கணக்கு உதவிக்கு வருகிறது. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், மாணாக்கன் கல்வியைப் பெறும் விதம் கூறப்படுகிறது. ஆசிரியர் சொன்னதைப் பழுதில்லாமல் ஏற்றுக்கொண்டாலும் அவன் பெறுவது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகிப் பயில்வதால் இன்னொரு கால் பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப் பங்கோ, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும் என்பது அவர் முடிபு. காலும் காலும் அரையும் சேர்ந்து ஒன்று. இந்தக் கணக்கைப் பள்ளிப்பருவத்தில் நம்மில் பலரும் உருப்போட்டிருக்கிறோம். உருப்போட்டுவிட்டு, அரைப் பங்கு எங்கே இருக்கிறதென்று அது சொல்கிறதோ அங்கே மாத்திரம் போகாமல் இருந்துவிட்டோம்.

பழம்பெருமை பேசுகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஓர் அண்மைக்காலச் சான்று. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர், மாணவர்களிடம் ஒரு சிறு கட்டுரையைக் கொடுத்து ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஒரு சாரார் நான்கு வேளையும் அதை வாசித்தார்கள். மற்றொரு சாரார் முதல் வேளை மாத்திரம் வாசித்துவிட்டு, எஞ்சிய மூன்று வேளையும் அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் நூற்றுக்கு 83 பங்கும், எழுதிப் பார்த்தவர்கள் 71 பங்கும் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்தோ, வாசித்தவர்களிடம் 40 பங்கும், நினைவிலிருந்து எழுதியவர்களிடம் 61 பங்கும் எஞ்சியிருந்தன. இதிலும் விசேஷம் ஒன்று உண்டு: தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகமாக நம்பியவர்கள், வாசித்துக்கொண்டே இருந்த கூட்டத்தார்தாம். அடுப்படியில் கேட்கும் 'படிச்சிட்டேம்மா' என்னும் விடை பொய்யன்று. பிள்ளை மனமார நம்பிச் சொல்லும் விடை. ஐந்து நிமிஷத்துக்கு அது உண்மையுங்கூட.

நன்னூலாரின் அரைப் பங்கை ஐந்தாம் படிவத்துப் பிள்ளை எங்கே போய்ச் சம்பாதிப்பது? யாருக்கு எடுத்துரைப்பது? வெகுதூரம் போகவேண்டியதில்லை, அடுப்படிக்குப் போனால் போதும்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மகள் செஜாராவில் மலாயன் யூனியன் பாடத்தை முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டு வருகிறாள். தாய் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். மலாய்ப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாத தாய். "என்ன படிச்சே, சொல்லு" என்கிறாள். மகள் தமிழிலே தொடங்குகிறாள்: யுத்தம் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள், மெக்மைக்கேல் என்பவர் 1945ஆம் ஆண்டின் இறுதியில் சுல்தான்களிடம் கையெழுத்து வாங்கினார், 1946 ஏப்ரல் 1ஆம் தேதி மலாயன் யூனியன் அமைந்தது, மலாய்க்காரர்கள் அதை எதிர்த்தார்கள், 1948 பிப்ரவரியில் அது போய் மலாயாக் கூட்டரசு வந்தது. ஐந்து வாக்கியங்களில் பாடம் முடிந்துவிடுகிறது.

தாய் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறாள்: "ஏம்மா, வேணாம்னு அப்புறம் சண்டை போட்டாங்கன்னா, அந்த ராஜாமாருங்க மொதல்ல ஏன் கையெழுத்துப் போட்டாங்க?"

மகள் நின்றுவிடுகிறாள். புத்தகத்தில் அது இருக்கிறது. கண் அதன்மேல் ஓடியும் இருக்கிறது. ஆனால் வாயில் வரவில்லை. ஓடிப்போய்ப் பக்கத்தைப் புரட்டுகிறாள். ஒப்பாவிட்டால் சுல்தான் பதவியையே அங்கீகரிக்கமாட்டோம் என்னும் அச்சுறுத்தல், ஆலோசிக்கப் போதிய அவகாசம் தராத அவசரம், ஆகிய காரணங்களைக் கண்டுகொண்டு திரும்பி வந்து சொல்கிறாள். தாய் விடவில்லை. "சரி, அப்ப நம்ம தாத்தாவுக்கெல்லாம் அதுல என்ன கெடச்சுது?" மீண்டும் புத்தகம். குடியேறியவர்களுக்கும் எளிதாகக் குடியுரிமை வழங்க முன்வந்த திட்டம் அது என்பதும், அதுவே எதிர்ப்புக்கு ஒரு பெருங்காரணம் என்பதும், 1948இல் அந்த நிபந்தனைகள் இறுகிவிட்டன என்பதும் இப்போது ஒரு கோவையாக அவள் மனத்தில் அமைகின்றன. தாய் கேட்டவை இரண்டே கேள்விகள். ஏன், யாருக்கு என்ன பயன் என்னும் அவ்விரண்டும், கட்டுரை வினாவைத் தயாரிப்பவர் தம் மேசையில் அமர்ந்து யோசிக்கும் கேள்விகளே அல்லவா?

படிக்காத தாய் எவ்வாறு பரீட்சகராக இருக்கமுடியும் என்று கேட்கிறவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில், அவள் அறியாமைதான் அவளுடைய தகுதி. விஷயம் தெரிந்த உபாத்தியாயர், மாணாக்கன் பாதி வாக்கியம் சொல்லும்போதே மீதியைத் தம் மனத்தால் நிரப்பிக்கொண்டு தலையசைத்துவிடுகிறார். தாயால் அவ்வாறு நிரப்பிக்கொள்ள இயலாது. ஆகவே பிள்ளையே நிரப்பியாகவேண்டும். விடை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை அவளுடையதன்று. அதைப் புத்தகம் செய்யும். 'எனக்கு விளங்கவில்லை' என்று கூசாமல் சொல்வது ஒன்றே அவள் வேலை. லாரி ஓட்டிவிட்டு வரும் தகப்பனும், மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டியும், ஆறாம் ஆண்டு படிக்கும் தம்பியும் இந்த வேலைக்குத் தகுந்தவர்களே.

இதில் நியாயமான ஆக்ஷேபம் ஒன்று உண்டு. சொன்னது தமிழில்; எழுதவேண்டியதோ மலாயில். ஆகையால் சொல்லி முடித்த அன்றே, பாயில் சாயுமுன், அதே விஷயத்தை மலாயில் பத்து வரியாக, புத்தகத்தைப் பாராமல் எழுதிவிடவேண்டும். ஃபக்தா, ஹுராயான், சொந்தோ என்று செஜாரா ஆசிரியர்கள் ஓயாமல் சொல்வார்களே, அந்த வரிசையில், செய்தி ஒன்று, அதன் விளக்கம் ஒன்று, அதற்கோர் உதாரணம் என்று எழுதினால் போதும். பொருள் முன்னமே தமிழில் தெளிந்துவிட்டபடியால், இப்போது போராட்டம் மொழியோடு மாத்திரமே. இரண்டோடும் ஒருங்கே போராடித் தோற்பதைவிட இது எவ்வளவோ எளிது. எழுதியபின் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையால் குறித்துக்கொள்க. அந்தச் சிவப்பு வரிகளே அடுத்த ரவுண்டில் முதலில் போய் நிற்கவேண்டிய நிரை.

கணக்குக்கும் பௌதிகத்துக்கும் அடுப்படி போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கேதான் நன்னூலார் சொன்ன இரண்டாவது கால் பங்கு பயன்படும். மூன்று நான்கு பேர் கூடி, பழைய வினாத்தாளில் ஆளுக்கொரு கணக்கைத் தனித்தனியே செய்து, பிறகு ஒருவர் எழுந்து ஏன் இவ்வழியில் சென்றேன் என்று மற்றவர்க்கு விளக்கட்டும். காய்கறித் தோட்டக்காரரின் சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் அக்குழுவில் இருந்தால் பின்னும் நலம். விளக்கம் தானாகவே மலாயில் நடக்கும், மொழிப்பாடத்துக்கும் அதுவே பயிற்சியாகும். ஒரே ஒரு எச்சரிக்கை: நன்றாகக் கணக்குப் போடுகிறவன் செய்ய, மற்றவர்கள் பார்த்தெழுதும் கூட்டம் படிப்புக் கூட்டமன்று.

பிள்ளையின் படிப்பில் வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளும் தத்துவத்தை இந்த நாட்டில் பெரிய அளவில் நடத்திக்காட்டியவர்களும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் சரித்திர விரிவுரையாளராக இருந்த டாக்டர் தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், இந்திய மாணவர்களுக்கான வகுப்புகளை நாடெங்கும் நடத்திவருகிறது. பத்துமலைக்கு அவர்கள் செல்லும் கல்வி யாத்திரையில் மாணாக்கரோடு பெற்றோரும் சேர்ந்து நடப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்த யாத்திரையில் எனக்கு அர்த்தமுள்ளதாகத் தோன்றுவது, பெற்றோரையும் உடன் அழைப்பதுதான். பிள்ளையின் பரீட்சை பிள்ளையோடு நின்றுவிடும் காரியமன்று என்பதை மேடைப் பேச்சைவிட அந்த நடை தெளிவாகச் சொல்கிறது. ஆனால் யாத்திரை ஆண்டுக்கு ஒரு நாள். அடுப்படியோ நாள்தோறும் உண்டு.

உறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு விடியவிடியக் கண் விழிப்பதைச் சிரத்தை என்று நாம் மெச்சுகிறோம். பகலில் கற்றது மனத்தில் பதிந்து இறுகுவதற்கு உறக்கமும் வேண்டும்; அதைக் குறைத்துப் பெறும் இரண்டு மணி நேரம், சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கும் பணத்தைப் போன்றது.

ஆகவே, இதை வாசிக்கும் தாய்மார்களிடம் நான் வேண்டிக்கொள்வது சிறிய காரியம். இன்று மாலை மழைக்காலணியைக் கழற்றும்போது, 'படிச்சியா?' என்னும் கேள்வியை விட்டுவிட்டு, 'என்ன படிச்சே, சொல்லு' என்று கேளுங்கள். முதல் நாள் பிள்ளை சலித்துக்கொள்ளும். இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு மூன்றாவதில் நின்றுவிடும். கோபிக்க வேண்டாம். எந்த இடத்தில் நின்றதோ, அந்த இடந்தான் நாளைய பாடம்.

அடுத்த வாரம்: பரீட்சை மண்டபத்தில் நேரத்தைப் பங்கிடும் விதம்.

(தொடரும்)